பச்சை முக்கோணம் எலிக்குத்தான், மண்புழுவுக்கு இல்லை

போன ஐப்பசி மழை விட்டதும் எங்கள் மாடித்தோட்டத்தில் தக்காளிச் செடிகள் ஒவ்வொன்றாக அடித்தண்டு அழுகிச் சாய ஆரம்பித்தன. சென்னை எருக்கஞ்சேரியில் மூன்றாவது மாடி, பதினெட்டுப் பைகள், ஒவ்வொன்றிலும் செம்மண், தென்னை நார்த்தூள், மாதவரம் பக்கம் மாடு வைத்திருக்கும் தெரிந்தவர் கொடுத்த மக்கிய சாணம். அந்தச் சாணத்தோடு வந்த மண்புழுக்கள் இரண்டு வருஷத்தில் பை பையாகப் பெருகியிருந்தன. பக்கத்து நர்சரியில் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடியை எடுத்து வைத்து, "லிட்டருக்கு ரெண்டு கிராம் கலக்கி வேர்ல ஊத்துங்கண்ணா, பச்சை முக்கோணம்தான், ஒண்ணும் பண்ணாது" என்றார். ஒரு பைக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றினேன்.

செடி பாதி பிழைத்தது. மறுநாள் காலை பைகளுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில், ஏழெட்டுப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. தண்ணீர் அதிகமாகிவிட்டது, மூச்சுமுட்டி வெளியே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், மழைக்காலத்தில் நம் தெருவெல்லாம் நடப்பதுதானே. இரண்டு மாதம் கழித்து ஒரு பையைக் கவிழ்த்துக் கொட்டினால் உள்ளே ஒரு புழு இல்லை. செத்த உடம்பும் இல்லை. அப்போதுதான் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன்: கார்பெண்டசிம் 50 சதவீதம். இந்தப் பெயரைக் கேட்டால் மண்புழு ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் சிரித்துவிடுவார்கள். ஏன் என்பதற்குத்தான் இத்தனை பெரிய கட்டுரை.

முதலில் முக்கோணம். பூச்சிமருந்து டப்பாவில் சாய்த்து நிறுத்திய சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைத்தான் நாம் முக்கோணம் என்கிறோம். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த 1971 விதிகள் அந்த நிறத்தை ஒரே ஒரு கணக்கில் தீர்மானிக்கின்றன. சோதனை விலங்குகளில், பெரும்பாலும் எலியில், பாதியைக் கொல்ல எடை கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பதுதான் கணக்கு. 50 வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. கார்பெண்டசிமை வாய்வழியாக எலிக்குக் கொடுத்தால் 5000-ஐத் தாண்டியும் ஒன்றும் ஆகாது, ஆகவே பச்சை. மருந்தைக் கையாளும் மனிதனுக்கு இந்த நிறம் அவசியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எலியைக் கேட்டு வாங்கிய பதிலை நாம் மண்ணுக்கும் மீனுக்கும் தேனீக்கும் சேர்த்து வாசித்துக்கொள்கிறோம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, யாருக்கு ஒன்றும் பண்ணாது என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

சரி, மண்புழுவைக் கேட்பது எப்படி?

உலகம் முழுக்க இதற்குப் பொதுவான முறை 1984-இல் வந்தது. ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு வெளியிட்ட 207-ஆம் எண் வழிகாட்டி. அதில் இரண்டு சோதனைகள். ஒன்று ரொம்ப எளிது: சின்னக் கண்ணாடிக் குப்பியின் உள்சுவரில் வடிதாளைச் சுருட்டி வைத்து, மருந்தை அதில் ஊறவைத்து உலர்த்தி, கொஞ்சம் தண்ணீரால் நனைத்து, உள்ளே ஒரே ஒரு புழுவை விடுவார்கள். இருட்டில் 48 மணி நேரம். ஒரு குப்பிக்கு ஒரு புழு என்பதில் கறாராக இருப்பார்கள், ஏனென்றால் ஒன்று செத்தால் அந்தச் சாவே பக்கத்தில் இருப்பதைப் பாதிக்கும். அதற்கு முன்னால் புழுக்களை ஈரத்தாளில் மூன்று மணி நேரம் வைத்து வயிற்றிலுள்ள மண்ணைக் கழிக்க விட வேண்டும். தோல்வழியாக மருந்து எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று இதில் தெரியும். மண்புழுவுக்குத் தோல்தான் நுரையீரல், எப்போதும் ஈரமாக இருக்க வேண்டிய தோல், அதனால் தாளில் இருக்கிற எதுவும் உள்ளே போய்விடும். ஆனால் மண்புழு தாளில் வாழ்வதில்லையே. சாகடிக்கும் வாய்ப்பு உண்டா என்று முதல் வடிகட்டலுக்கு இந்தச் சோதனை சரி, அதற்கு மேல் எதையும் இதை வைத்துச் சொல்லக் கூடாது.

இரண்டாவதுதான் மண் சோதனை. மண் என்றால் தோட்டத்து மண் இல்லை, ஆய்வகத்திலேயே கலக்குகிற செயற்கை மண்: 70 சதவீதம் மெல்லிய குவார்ட்ஸ் மணல், 20 சதவீதம் கயோலின் களிமண், 10 சதவீதம் பீட் என்கிற பாசி மக்கு, பி.எச். 6 பக்கம் வருகிற மாதிரி கொஞ்சம் சுண்ணாம்பு. பார்த்தால் இட்லி மாவுக்கு அளவு சொல்கிற மாதிரி இருக்கும். ஆனால் காரணம் உண்டு. சென்னையில் ஒருவர் செய்த சோதனையும் பெர்லினில் ஒருவர் செய்த சோதனையும் ஒப்பிடத் தகுந்ததாக இருக்க வேண்டுமென்றால் இருவர் மண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், வியாசர்பாடி மண்ணையும் அங்கே இருக்கிற மண்ணையும் வைத்துச் செய்தால் மருந்தின் வித்தியாசம் தெரியாது, மண்ணின் வித்தியாசம்தான் தெரியும். இந்த மண்ணில் வெவ்வேறு அளவு மருந்தைக் கலந்து, பாத்திரத்துக்குப் பத்துப் புழு, ஒவ்வோர் அளவுக்கும் நான்கு பாத்திரம். 20 டிகிரி வெப்பம், விளக்கு அணைக்கவே கூடாது. விளக்கு எதற்கு? வெளிச்சம் இருந்தால் புழு மேலே வந்து தப்பிக்கப் பார்க்காமல் மண்ணுக்குள்ளேயே, அதாவது மருந்துக்குள்ளேயே, இருக்கும்.

7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் மண்ணைக் கொட்டி எண்ணுவார்கள். தலைப்பக்கம் மெல்லத் தொட்டால் அசைகிறதா என்று பார்ப்பார்கள், அசையவில்லை என்றால் செத்தது. எண்ணிக்கையில் குறைகிற புழுவும் செத்ததாகவே கணக்கு, ஏனென்றால் செத்த மண்புழு மண்ணில் சில நாளிலேயே கரைந்து காணாமல் போய்விடும். என் பையில் உடம்புகூடக் கிடைக்காததன் காரணம் இதுதான் என்று இந்த வரியைப் படித்தபோதுதான் புரிந்தது. மருந்தே கலக்காத பாத்திரத்திலும் 10 சதவீதத்துக்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது எல்.சி.50 என்ற ஒரு எண்: 14 நாளில் பாதிப் புழுக்களைக் கொல்ல ஒரு கிலோ காய்ந்த மண்ணில் எத்தனை மில்லிகிராம் வேண்டும். எண் சின்னதாக இருந்தால் விஷம் பெரிது.

ரொம்ப காலம் இந்த எண்ணை வைத்தே மருந்துகளை நல்லது கெட்டது என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: சாகவில்லை என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றா? பதினான்கு நாள் உயிரோடு கிடந்த புழு அதற்கப்புறம் முட்டைக்கூடு போட்டதா, கூட்டிலிருந்து குஞ்சு வந்ததா என்று 207 கேட்பதே இல்லை. மண்ணில் நடப்பதோ பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைச் சேதம். ஒரு வருஷம் புழு இருக்கும், அடுத்த வருஷம் குறையும், அதற்கடுத்த வருஷம் மண் இறுகிப்போய்த் தண்ணீர் தேங்கும், யாருக்கும் காரணம் தெரியாது.

அதற்காகத்தான் 2004-இல் 222-ஆம் எண் வழிகாட்டி வந்தது, இனப்பெருக்கச் சோதனை. இது எட்டு வாரம். கழுத்துப் பட்டை தெளிவாகத் தெரிகிற முதிர்ந்த புழுக்களைத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பட்டையைப் பள்ளிப் பாடப்புத்தகம் கிளைடெல்லம் என்கிறது, முட்டைக்கூடு உருவாவது அங்கேதான். உணவு என்ன தெரியுமா, காயவைத்துப் பொடித்த மாட்டுச்சாணம் அல்லது குதிரைச்சாணம். நான்கு வாரம் கழித்துப் பெரிய புழுக்களை எடுத்து எண்ணி, எடை பார்த்து, வெளியேற்றிவிடுவார்கள். மண்ணில் முட்டைக்கூடுகள் மட்டும் மிஞ்சும். இன்னும் நான்கு வாரம் காத்திருந்து குஞ்சுகளை எண்ண வேண்டும். நூல் மாதிரி இருக்கிற, வெளிறிய, சில மில்லிமீட்டர் நீளக் குஞ்சுகளை மண்ணில் கையால் தேடினால் கண் போய்விடும், அதனால் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: பாத்திரத்தை 50, 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இறக்கி வைத்தால் அடியிலிருந்து சூடு ஏற ஏறக் குஞ்சுகள் தாமாகவே மேலே வந்துவிடும், சுமார் இருபது நிமிஷத்தில் இடுக்கியால் பொறுக்கி எண்ணலாம். மருந்தில்லாத பாத்திரம் ஒவ்வொன்றிலும் பத்துத் தாய்ப்புழுவுக்கு 30 குஞ்சாவது வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் புழுக்களே சரியில்லை என்று அர்த்தம்.

இப்போது கார்பெண்டசிமுக்கு வருகிறேன். எந்தச் சோதனையிலும் புழுக்கள் விஷத்துக்கு எதிர்வினை காட்டும் நிலையில்தான் இருக்கின்றனவா என்று சரிபார்க்கத் தெரிந்த விஷம் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள், வியாபாரி தராசைப் படிக்கல்லால் சோதிக்கிற மாதிரி. 222-இல் அந்தப் படிக்கல்லாகச் சொல்லியிருப்பது கார்பெண்டசிம், அல்லது மண்ணில் சிதைந்து கார்பெண்டசிமாகவே மாறுகிற பெனோமில். கிலோ மண்ணுக்கு 1 முதல் 5 மில்லிகிராமுக்குள் குஞ்சுகளின் எண்ணிக்கை தெளிவாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் ஆய்வகத்தில் ஏதோ கோளாறு. அதாவது மண்புழுவைக் கெடுக்கும் என்று இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்த பொருள் என்பதால்தான் அது உரைகல் ஆனது, அதே பொருள் நம் ஊர்க் கடையில் பச்சை முக்கோணம்.

என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 2 கிராம், அதில் பாதி மருந்து, ஆக 1000 மில்லிகிராம். பையில் காய்ந்த எடையில் 10 கிலோ மண் என்று வைத்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். உரைகல் அளவைவிட இருபது மடங்குக்குக் குறையாது.

எலிக்கு ஒன்றும் ஆகாதது புழுவுக்கு ஏன் இவ்வளவு? பாட்டி வயிற்றுப்புழுவையும் மண்புழுவையும் சேர்த்தே நாக்குப்பூச்சி என்பார், விலங்கியல்படி இரண்டும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பாட்டி பக்கம் நியாயம் இருக்கிறது. பிப்ரவரியில் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாள் என்று குழந்தைகளுக்குச் சப்பச் சொல்லிக் கொடுக்கிற மாத்திரை அல்பெண்டசோல். கார்பெண்டசிமும் அதே பென்சிமிடசோல் குடும்பம். செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்கள் இருக்கின்றன, செல் பிரியும்போது மரபுப் பொருளை இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிப்பவை அவைதான். இந்தக் குடும்பத்து மருந்துகள் டியூபுலினில் ஒட்டிக்கொண்டு குழல் கட்டவிடாமல் செய்கின்றன. பூஞ்சையின் டியூபுலினிலும் புழுவின் டியூபுலினிலும் நன்றாக ஒட்டும், பாலூட்டிகளுடையதில் அவ்வளவாக ஒட்டாது. பூஞ்சைக்கொல்லி என்று பெயர் வைத்தோம், ஆனால் மருந்துக்கு அந்தப் பெயர் தெரியாது.

வயலுக்கு இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாடித்தோட்டக்காரர்கள் அடிக்கடி, "விவசாயி ஏக்கர் கணக்கில் அடிக்கிறான், நான் ஒரு ஸ்பூன்தானே போட்டேன்" என்பார்கள். ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணை, கனமீட்டருக்கு 1500 கிலோ என்று எடை போட்டால் 7,50,000 கிலோ வரும். அதில் 1 கிலோ மருந்து விழுந்தால் கிலோ மண்ணுக்கு 1.33 மில்லிகிராம், அதிலும் கொஞ்சம் இலையில் தங்கிவிடும். அந்த ஸ்பூன்காரர் பையில் விழுவது இதைப்போல ஐம்பது, நூறு மடங்கு. வேரில் ஊற்றுவதும் குருணை வைப்பதும் இலையில் தெளிப்பதும் மண்புழு கண்ணில் மூன்று வேறு விஷயங்கள். ஐரோப்பாவில் சாவு அளவை இந்த வயல் அளவால் வகுத்து 10-க்குக் கீழே வந்தாலும், இனப்பெருக்கம் பாதிக்காத அளவை வகுத்து 5-க்குக் கீழே வந்தாலும் மேற்கொண்டு ஆய்வு கேட்பார்கள். 2013-இல் அவர்கள் விதியை மாற்றியபோது, மருந்துப் பதிவுக்கு வெறும் சாவுச் சோதனையைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டு இனப்பெருக்கச் சோதனையை வைத்துக்கொண்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு இந்தச் சோதனைகளின் பலவீனத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சோதனைக்கு எடுக்கிற புழு ஐசீனியா ஃபெட்டிடா, அல்லது அதன் உடன்பிறப்பு போன்ற ஐசீனியா ஆண்ட்ரி. சிவப்பாக, சின்னதாக, தொந்தரவு செய்தால் நாற்றமடிக்கும் மஞ்சள் திரவம் விடும், ஃபெட்டிடா என்றாலே நாறுவது என்று பொருள். சாணத்திலும் குப்பையிலும் பெருகும், சீக்கிரம் வளரும், ஆய்வகத்தில் வளர்க்கச் சுலபம், அதனால் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அது மண்ணில் வாழ்கிற புழுவே இல்லை, குப்பைமேட்டுப் புழு. நம் மண்ணில் வளை தோண்டி வாழ்வது லாம்பிட்டோ மாரிட்டி, தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் அறுத்துக் காட்டுகிற அதே புழு, 14 முதல் 17 வரையான கண்டங்களில் பட்டை இருக்குமே அது. அந்த இனத்தையும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸையும் வைத்துச் சென்னையிலேயே நெடுங்காலம் வேலை செய்தவர் சுல்தான் அகமது இஸ்மாயில், உள்ளூர்ப் புழுவை உள்ளூர் மண்ணிலேயே பெருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். 2013-இல் பழைய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, ஐரோப்பிய மண்ணில் வாழ்கிற புழுக்களைவிட ஐசீனியா ஃபெட்டிடா பூச்சிமருந்துகளைக் கூடுதலாகத் தாங்குகிறது என்று தெரிந்தது. அதாவது திடகாத்திரமான ஆளை அனுப்பிவிட்டு ஊருக்கே உடம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொள்கிற மாதிரி.

அப்புறம் அந்த 20 டிகிரி. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் ஒரு மணி நேரம் இருக்கலாம். சித்திரை வெயிலில் மாடிப் பையைத் தொட்டுப் பாருங்கள். சூட்டில் மருந்து சீக்கிரம் சிதையவும் செய்யும், புழுவின் உடலியக்கம் கூடி வேகமாக உள்ளே ஏறவும் செய்யும், எது முந்தும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். பீட்டும் நமக்கு அந்நியம்தான், குளிர்நாட்டுச் சதுப்பிலிருந்து வருவது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் அதற்குப் பதில் தென்னை நார்த்தூளைப் போட்டு வெப்பநாட்டுக்கேற்ற செயற்கை மண் செய்து பார்த்தார்கள். நம் மாடிப் பையில் பாதி அதுதான்.

எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று. விலகல் சோதனை, ஐ.எஸ்.ஓ. 17512. பெட்டியின் நடுவே ஓர் அட்டையைச் செருகி ஒரு பக்கம் சுத்தமான மண், மறுபக்கம் சந்தேக மண், அட்டையை உருவிவிட்டு அந்தக் கோட்டில் பத்துப் புழுக்களை வைத்து 48 மணி நேரம் விட வேண்டும். பிறகு அட்டையை மறுபடி செருகி, இரண்டு பக்கமும் எண்ண வேண்டும். சந்தேக மண்ணில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அந்த மண் குடியிருக்க லாயக்கில்லை. இதில் அழகு என்னவென்றால் மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்திருக்கவே வேண்டாம். 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் ஏறிய மண்ணை இப்படிக் கேட்கலாம், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கத்து மண்ணைக் கேட்கலாம். ஆனால் புழு உப்பையும் வெறுக்கும், எண்ணூர் மண்ணில் உப்புக்கு விலகியதா எண்ணெய்க்கு விலகியதா என்று பிரிக்க, எண்ணெய் படாத அதே உப்பு மண் ஒப்பிட வேண்டும். நரம்பைத் தாக்கும் சில மருந்துகளில் இன்னொரு சிக்கல், விலகிப் போகவே புழுவுக்குத் தெம்பிருக்காது, எண்ணிக்கை சமமாக வந்து நம்மை ஏமாற்றும்.

வீட்டில் செய்து பார்த்தேன். மருந்து ஊற்றி எட்டு மாதமான பை மண் ஒரு பக்கம், ஊற்றாத பை மண் மறுபக்கம். கார்பெண்டசிம் வெறும் மண்ணில் பாதியாகக் குறையவே 6 முதல் 12 மாதம் ஆகும் என்பதால் இன்னும் நிறையவே இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே நல்ல மண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி, நாலுக்கு ஆறு, ஐந்துக்கு ஐந்து என்று ஏறக்குறையச் சமமாக வர வேண்டும். எனக்கு ஒன்றுக்கு ஒன்பது வந்தது. தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, பெட்டியைச் சமையலறை ஜன்னலோரம் வைத்திருந்தேன், ஒரு பக்கம் மட்டும் வெயிலில் காய்ந்திருக்கிறது. கட்டிலுக்கடியில் மாற்றினேன், "படுக்கிற இடத்துல புழுவை வெச்சிருக்கியே" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த முறை ஐந்துக்கு ஐந்து. பிறகு மருந்து மண்ணோடு வைத்தேன்: நல்ல பக்கம் எட்டு, மருந்துப் பக்கம் இரண்டு. சரியாக எல்லைக்கோட்டில். முறையாகச் சொல்ல இன்னும் நான்கு பெட்டியாவது வேண்டும், அதற்கு இடம் ஒன்றைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்தப் பைகளில் தக்காளியும் கீரையும் இல்லை, செம்பருத்திதான்.